அழுகைக்கு முறை வைத்த ஊர்

இருட்டிய பிறகு முள்ளூரணியில் என்னென்ன சத்தம் கேட்கும் என்பதை, கல்யாணமாகி வந்த முதல் வருஷத்திலேயே ஜெசிந்தா பயந்து பயந்து மனப்பாடம் பண்ணிவைத்திருந்தாள். பனை ஓலை ஒன்றோடொன்று உரசுவது, கிடை ஆடு தும்முவது, வேலிக்கருவை நெற்று காற்றில் குலுங்குவது, மாமியார் அருளாயி தூக்கத்திலேயே ஜெபமாலை சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவது, எல்லாமே அவளுக்குத் தெரிந்தவைதான். ஆனால் பல் முளைக்கிற காய்ச்சலில் வீறிட்டு அழுத பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அவள் நின்ற அந்த இரவில் கொல்லைப் பக்கமிருந்து வந்த சத்தம் இவற்றில் எதிலும் சேரவில்லை. களக், களக், களக் என்று யாரோ பெரிய தொண்டையால் அவசரமில்லாமல் விழுங்குவதுபோல் இருந்தது அது. பிள்ளை மூச்சு வாங்க நிறுத்தியபோது அதுவும் நிறுத்தியது. பிள்ளை மறுபடி தொடங்கியபோது அதுவும் தொடங்கியது.

அவள் கை முதலில் போனது தாழ்ப்பாளுக்கு. அது அசையவில்லை. அசையாது என்று அவளுக்கும் தெரியும், ஏனென்றால் முள்ளூரணியில் எவரும் கதவுக்கு உள்தாழ் போடுவதில்லை. வெயில் ஊர், பாதையில் போகிறவன் யாராக இருந்தாலும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உள்ளே மூலையில் இருக்கிற குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு குடித்துவிட்டுப் போகலாம், அவன் தட்டும்படி வைக்கக் கூடாது என்பது அங்கே எப்போதிருந்தோ இருக்கிற வழக்கம். உள்தாழ் போட்ட வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள். தச்சன் கதவு செய்யும்போது வாடிக்கைக்குத் தாழ்ப்பாளும் வைப்பான், அது அப்படியே துருவேறிக் கிடக்கும். ஜெசிந்தாவோ கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள். இரவு ஜெபம் முடிந்து சிஸ்டர் பெரிய கதவின் இரும்புத் தாழை இழுத்துவிடுகிற அந்த 'டக்' சத்தத்தில்தான் அத்தனை பெண்பிள்ளைகளும் கண்ணை மூடுவார்கள். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது கணவன் சவரி சிரித்தான். "இங்க களவாங்குறதுக்கு என்ன இருக்கு? தூசியை அள்ளிட்டுப் போவானா?"

ஆனால் இப்போது களவாங்க ஒன்று இருந்தது. அவளுடைய தோட்டம்.

கிணற்றில் உப்புத் தண்ணீரும் வாரத்துக்கொரு லாரித் தண்ணீருமாக இருந்த ஊரில் காய்கறி என்றால் அது சந்தையில் வாடிக் கிடப்பது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஜெசிந்தா விடுதித் தோட்டத்தில் செய்ததையே இங்கேயும் செய்தாள். சாயமடிக்காத மண்பானைகளைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி மண்ணில் புதைத்து, அரைப் பானை தண்ணீர் ஊற்றிச் சிரட்டையால் மூடி, சுற்றிலும் அவரை, வெண்டை, கத்தரி, கொத்தவரை என்று நட்டாள். பானை வியர்க்க வியர்க்க வேர் அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு குடிக்கும். மண்ணை வெயில் பார்க்காதபடி பனையோலையும் கடலைத்தொலியும் கிழிந்த சாக்கும் போட்டு மூடினாள். அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்கு, மீன் அலசிய தண்ணீர் பீர்க்குக்கு, பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீர் கீரைப் பாத்திக்கு. தம்ளரில் மிஞ்சுகிற கடைசி வாய்க்கும் ஒரு செடியின் பேர் போட்டிருந்தது. "எம் மருமக எச்சியைக்கூடத் துப்ப மாட்டா, மிளகாச் செடிக்குச் சேத்து வைப்பா" என்று அருளாயி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

விடிந்ததும் போய்ச் சிரட்டைகளைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாப் பானையிலும் கழுத்துவரை தண்ணீர். குறைந்திருந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர்த் திருடனைத் திட்டுவதற்கு அந்த ஊரில் வண்டி வண்டியாக வார்த்தை இருந்தது. கேட்காமல் வந்து ஊற்றிவிட்டுப் போகிறவனை என்னவென்று திட்டுவது? சும்மா கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான்? அவள் மோந்து பார்த்தாள், விரலால் தொட்டு நாக்கில் வைக்கப் பயந்து, முதலில் கோழிக்கு வைத்தாள். கோழி குடித்தது, வழக்கம்போல் முட்டையிட்டது, அவளைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

காரணம், தடுப்பூசி போட நர்சம்மா வந்த அன்று தெரிந்துபோனது. அங்கன்வாடியில் ஓடு சரிந்திருந்ததால் இவள் வீட்டுக் கொல்லையில் முருங்கை நிழலில் வைத்துத்தான் ஊசி போட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோமதி மதினி உட்பட ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் அங்கே நின்றார்கள். ஊசி ஏறியதும் பிள்ளை செலின் ஒரு கணம் நம்ப முடியாமல் எல்லோரையும் பார்த்தாள், பிறகு வாயைத் திறந்து கத்தினாள். கத்தின கத்தலில் பானைகளின் மேலிருந்த சிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டன, களக் களக் என்று தண்ணீர் மேலே வந்து கழுத்தைத் தாண்டி வழிந்து கடலைத்தொலியை நனைத்தது.

யாரும் நெஞ்சில் கை வைக்கவில்லை. கோமதி குனிந்து உள்ளங்கையில் அள்ளிக் குடித்தாள். "உப்பு இல்ல" என்றாள்.

"அழுதா ஊறுது" என்றாள் இன்னொருத்தி.

"அப்பம் சிரிச்சா?"

சிரிக்க வைத்துப் பார்த்தார்கள். கோமதி வயிற்றில் வாய் வைத்து ஊத, செலின் கண்ணீரோடு கெக்கலி கொட்டிச் சிரித்தாள். பானைகள் கம்மென்று கிடந்தன.

"சிரிப்புக்கு வராது" என்றாள் கோமதி. "சிரிப்புக்கு நம்ம ஊர்ல என்னைக்கு என்ன வந்திருக்கு?"

அவ்வளவுதான். முள்ளூரணிக்காரர்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற சனம் இல்லை, வந்த தண்ணீரில் பருப்பு வேகுமா என்று கேட்கிற சனம். வெந்தது. பூப்போல வெந்தது. அடுத்த வாரமே மினி லாரியில் பானைகள் வந்து இறங்கின. முதலில் ஜெசிந்தாவின் வேலியோரம், பிறகு கோமதி கொல்லை, பிறகு அடுத்த தெரு என்று, செலினின் குரல் எட்டுகிற தூரம் வரைக்கும் ஊர் பானை புதைத்துக்கொண்டே போனது. கடைசி வீட்டுக்குக் குரல் எட்டவில்லை என்று நடுவிலிருந்த ஒரு குட்டிச்சுவரை இடித்தார்கள், அதையும் முணுமுணுக்காமல் இடித்தார்கள். ஜெசிந்தாவுக்கு அந்த நாட்கள் இனிப்பாகத்தான் இருந்தன. பானைக்குச் சாயம் அடிக்கக் கூடாது, செடியை ஒரு சாண் தள்ளி நட வேண்டும், மண்ணை மூட வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, இத்தனை நாளும் 'கான்வென்ட்டுக்காரி' என்று தள்ளி நின்ற பெண்கள் "ஜெசி, ஜெசி" என்று வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். பானையைப் புதைத்தார்கள், செடியைத் தள்ளி நட்டார்கள். மண்ணை மூடச் சொன்னதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. "தண்ணிதான் கொட்டுதே, அதுக்கு எதுக்குப் போர்வை?" என்றார்கள். சும்மா வருவதை யாராவது மூடி வைப்பார்களா?

சவரி வந்தான். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியில் வேலை அவனுக்கு, எப்போது வந்தாலும் புருவம்வரை கல்மாவு அப்பியிருக்கும். வந்தவன் குளிக்காமல் பானைப் பக்கத்தில் குந்தி, பிள்ளை பசிக்கு அழுது பானை நிரம்புவதை ஆடாமல் பார்த்தான். "எத்தனை ஊர்ல பூமியைத் தொளைச்சுக் கேட்டிருப்பேன், வெறும் புகையைக் கக்கும். இவ தொட்டில்ல படுத்துக்கிட்டு வாங்கித் தாராளே" என்றான். அவன் திரும்ப லாரிக்குப் போகவில்லை. தகப்பன் காலத்திலிருந்து தரிசாகக் கிடந்த துண்டில் மிளகாய் நட்டான். ஜெசிந்தாவுக்குச் சந்தோஷமாக இருந்தது, சந்தோஷத்துக்கு அடியில் ஏதோ ஒன்று நறநறவென்றது, சோற்றில் மண் கிடந்தாற்போல.

ஏனென்றால் செலினுக்கு முளைக்க வந்த பல் முளைத்துவிட்டது. காய்ச்சல் இல்லை. வயிறு நிறைந்தால் சிரிக்கிற, சிரித்து முடித்தால் தூங்குகிற சமர்த்துப் பிள்ளையாக அவள் ஆனாள். பானைகள் இறங்கின.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு ஆள் வரத்து கூடியது. கோமதி கிலுகிலுப்பை வாங்கி வந்து பிள்ளை கையில் கொடுத்து, அது ஆசையாகப் பிடித்துக்கொண்டதும் பிடுங்கிக்கொண்டாள். "விளையாட்டுக்குத்தான் மதினி" என்றாள். மீசை பெரிதாக இருக்கிற, எந்தப் பிள்ளையும் கண்டால் அலறுகிற ஒருவரைக் காப்பி குடிக்க வரச் சொன்னார்கள். அந்த மனுஷனும் வாழ்க்கையில் முதல் தடவையாக இத்தனை வீட்டில் மதிக்கிறார்களே என்று மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு தினம் வந்தார். அடுத்த ஊசி எப்போது என்று நர்சம்மாவை வழிமறித்துக் கேட்டார்கள். எல்லோரும் சிரித்த முகமாகத்தான் கேட்டார்கள், எல்லோரும் பிள்ளைக்கு முத்தம் கொடுத்தார்கள். ஜெசிந்தா மட்டும் முத்தம் கொடுக்கிற வாயைப் பார்க்காமல் கைகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு நாள் குளிப்பாட்டும்போது செலினின் தொடையில் நீலமாக ஒரு தடம் இருந்தது. கட்டெறும்பு என்றாள் அருளாயி. கட்டெறும்புக்கு நகம் உண்டா? அன்றிலிருந்து அவள் வருகிறவர்களின் நகத்தையெல்லாம் பார்த்தாள். கோமதிக்கு நகம் நீளம். மீசைக்காரருக்கு வெட்டப்படாத நகம். சவரிக்கு நகமெல்லாம் கல்லில் உடைந்தது. யாரை நம்புவது? குழம்பு தாளித்துக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே குழம்பைக் கருக விட்டாள். கடைசியில் பார்த்தாள். மிளகாய்க் கொல்லைப் பக்கம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அருளாயி, பானைக்குள் எட்டிப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, இரண்டு விரலால் கிள்ளினாள். பிள்ளை வாய் திறந்ததும் மடியிலிருந்து கற்கண்டு எடுத்து அதில் வைத்தாள்.

"அத்தை!"

அருளாயி திடுக்கிடவில்லை. "நான் கிள்ளாட்டி வேற எவளாவது கிள்ளுவாட்டி. அவளுகளுக்கு நகம் இருக்கு. என் கை மெல்லிசு" என்றாள். "நானும் பாத்துப் பாத்துத்தான் கிள்ளுதேன். எம் பேத்தியில்லையா?"

சவரியிடம் சொன்னாள். அவன், "அம்மாவைக் கண்டிக்கிறேன்" என்றான். பிறகு, "பிள்ளைன்னா ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அழத்தானே செய்யும், ஜெசி?" என்றான். அந்த 'ரெண்டு தடவை'யை அவன் எங்கேயோ யாரோடோ பேசி முடிவு பண்ணிக்கொண்டு வந்தமாதிரி இருந்தது.

அவளுக்கு எல்லோர்மீதும் சந்தேகம் இருந்தது, ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தியும் ஒரு மத்தியானம் அகப்பட்டாள். ஆடிக்காற்று அனலாக அடித்து அவரைப் பூ கொட்டிக்கொண்டிருந்தது. தூங்கி எழுந்த செலின் பசியில் சிணுங்கி, சிணுங்கல் அழுகையானது. ஜெசிந்தா பிள்ளையை மடியில் கிடத்தி, ரவிக்கைக் கொக்கியில் கை வைத்து, வைத்த கையை அப்படியே நிறுத்தினாள். காது கொல்லைப் பக்கம் போனது. களக். இன்னும் கொஞ்சம். களக், களக். அவரையடிப் பானை நிரம்புகிற சத்தம் அவளுக்குத் தனியாகத் தெரியும். அது நிரம்பின பிறகுதான் கொக்கியைக் கழற்றினாள். பால் குடிக்கும்போது பிள்ளை அவளையே பார்த்தது. கண் சிமிட்டாமல் பார்த்தது.

அன்றிலிருந்து செலின் அழவில்லை.

பசித்தாலும் அழவில்லை, விழுந்தாலும் அழவில்லை. தவழ்ந்து போய்க் கதவு நிலையில் நெற்றி இடித்துப் புடைத்தபோது உதடு பிதுங்கியது, பிதுங்கிய உதட்டைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டு சுற்றியிருந்த பெரிய மனுஷர்களைப் பார்த்தது. மீசையைப் பார்த்தும் சும்மா இருந்தது. கிலுகிலுப்பையைக் கொடுத்தால் வாங்கவே மாட்டேனென்றது. ஊர்ப் பானைகள் வற்றின, சில வெடித்தன. போர்வையில்லாத மண்ணில் கத்தரி கருகியது, சவரியின் மிளகாய் இலை சுருண்டது. ஜெசிந்தாவின் தோட்டம் மட்டும் நின்றது. அது பழையபடி களைந்த தண்ணீரிலும் அலசிய தண்ணீரிலும் ஓலைப் போர்வையிலும் நின்றது, காய் சிறுத்துத்தான் நின்றது. ஆனாலும் பச்சை பச்சைதானே.

"எப்படி நிக்கி?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் கோமதி. அவள் குரலில் இப்போது ஜெசியும் இல்லை, மதினியும் இல்லை.

"மண்ணை மூடி வையுங்கன்னு அப்பவே சொன்னேனே."

"மண்ணையா மூடுன? பிள்ளை வாயையில்ல மூடி வச்சிருக்க. எங்களுக்குத் தெரியாம ராத்திரி அவிழ்த்துவிட்டு உன் பானையை மட்டும் நிறைச்சுக்கிடுத."

அந்தப் பேச்சு அரைநாளில் ஊர் சுற்றியது. தொட்டிலைப் போர்வையால் மூடி அதற்குள் அழவிடுகிறாள் என்றார்கள், அழுகையைப் பாட்டிலில் பிடித்துவைக்க கான்வென்ட்டில் கற்றுக்கொடுப்பார்களாம் என்றார்கள். கண்மாயில் மடை திறந்து முறை விடுகிற தவசிக்கண் என்றொரு பெரியவர் இருந்தார். கண்மாய் வற்றிப்போனதிலிருந்து வேலையில்லாமல், மடைத் திறவுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு சும்மா நடந்து திரிந்தவர். கெட்டவர் இல்லை. அவர்தான் ஆலமரத்தடியில் உட்கார்ந்து நியாயமாக யோசித்து நியாயமாகச் சொன்னார்: "கண்மாய்த் தண்ணிக்கு முறை வைக்கலையா? எவன் வயல்ல முதல்ல, எவன் வயல்ல கடைசின்னு சண்டையில்லாம விடலையா? அதே மாதிரி பிள்ளைக்கும் முறை வச்சிருவோம். வீட்டுக்கு ஒரு நா. அவங்க வீட்டுல வச்சு அவங்க பாத்துக்கிடட்டும். சாயங்காலம் முறை மாறும். பாட்டிக்காரி கூடவே போயிக்கிடட்டும், பிள்ளைக்கு ஏக்கம் தட்டாது." எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முறை சொல்லக் கிடைத்த சந்தோஷத்தில் அவர் கண் கலங்கிப்போனது. அருளாயி சம்மதித்தாள். சவரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், நின்றதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு மட்டும் குடுத்துப் பாப்போம்" என்று வீட்டுக்கு வந்து சொன்னான் அவன். "நம்ம மிளகாயும் ஊர்ப் பானை ஓரத்துலதானே இருக்கு."

 மறுநாள் வெயில் ஏறினதும் ஜெசிந்தா கடப்பாரையை எடுத்துப்போய்த் தன் பானைகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தாள். அவரையின் வேர்கள் பானையைச் சுற்றிப் பின்னிக் கெட்டியாகப் பிடித்திருந்தன. அவற்றைப் பிய்க்கும்போது அவளுக்கு எங்கேயோ வலித்தது, ஆனால் பிய்த்தாள். பானைகளை வேலி நெடுக வாய் கீழாகக் கவிழ்த்து வைத்தாள். இனி அவள் காது கொல்லைப் பக்கம் போவதற்கு ஒன்றுமில்லை. ஊர் அதை வேறு மாதிரிப் பார்த்தது. தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து வைப்பதாவது! எல்லோரையும் மூஞ்சியில் அடித்தமாதிரி.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார்கள். கோமதி முன்னால், தவசிக்கண் பின்னால், அருளாயி பிள்ளையின் மாற்றுத்துணியை மடித்த பையோடு. ஜெசிந்தா கொல்லைக் கதவுக்கு உரலை உருட்டி முட்டுக்கொடுத்துவிட்டு, முன்கதவைச் சாத்தி, பிள்ளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முதுகால் கதவை அழுத்தி நின்றாள். நீலத் தடத்தைக் கண்ட நாளிலிருந்து தினம் தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் இழுத்துப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. உள்தாழ் போட்டவள் என்ற பேர் எடுத்தால் இந்த ஊரில் மறுபடி யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது?

"தாயி, முறைன்னா முறை. கதவைத் திற" என்றார் தவசிக்கண்.

"பெத்தவ நான். எனக்கு எந்த முறையும் இல்ல."

"பாத்தீங்களா, தனக்குன்னு பேசுதா!" என்றாள் கோமதி. கதவில் கை விழுந்தது. ஒன்று, பிறகு பல. கதவு அவள் முதுகில் அதிர்ந்தது, குடத்துத் தண்ணீர் குலுங்கியது. செலின் சத்தம் போடாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அதுவரை அவள் பார்க்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. அம்மா அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளக் கை இல்லாமல், மூக்கு வழிய, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல அழுதாள். செலினின் உதடு பிதுங்கியது, இந்த முறை உள்ளே போகவில்லை. இத்தனை நாளும் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

கதவில் விழுந்த கைகள் நின்றன. ஒரு கணம் ஊரே மூச்சுவிடாமல் கேட்டது. பிறகு தூரத்திலிருந்து களக் என்றது, பக்கத்தில் களக் என்றது, தெருத் தெருவாகக் களக் களக் என்று கிளம்பியது. "என் பானை!" என்று யாரோ கத்த, கால்கள் ஓடின. அருளாயியின் கொலுசு இல்லாத கனத்த காலும், தவசிக்கண்ணின் செருப்பும், கோமதியின் மெட்டியும், எல்லாம் ஓடிப்போயின. ஜெசிந்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் கொல்லையில் சத்தமில்லை. அவள் பிள்ளையின் முதுகைத் தடவினாள், கொக்கியைக் கழற்றினாள். காத்திருக்கவில்லை.

"ஜெசி." சவரியின் குரல் கதவுக்கு வெகு அருகில், மெதுவாக வந்தது. "நான்தான். எல்லாரும் போயிட்டாங்க. அழுதிட்டாள்ல, இனி ஒரு பிரச்சனையும் இல்ல. நாமளே வீட்டுல வச்சுப் பாத்துக்கலாம்னு சொல்லிருவோம். திற."

களைத்த, அன்பான குரல். கல்மாவு அப்பிய புருவத்தோடு அவன் குந்தியிருந்தது ஞாபகம் வந்தது. அவள் முதுகு கதவை விட்டு அரை விரற்கடை விலகியது. அப்போதுதான், பிள்ளை பால் குடிக்க வாய் வைத்து அழுகை நின்ற அந்த அமைதியில், வெளியே ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவள் மனப்பாடம் பண்ணிவைத்த சத்தங்களில் ஒன்றுதான்: கம்பிப் பிடி வாளியின் விளிம்பில் விழுகிற சத்தம்.

"கையில என்ன?" என்று கேட்டாள்.



"வாளிதான்" என்றான் சவரி. "ஏன் நிறுத்திட்டா? மிளகாய்க்கு இன்னும் கொஞ்சம்..."

ஜெசிந்தா பிள்ளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். எண்ணெய் குடித்த இரும்பு எந்த மறுப்பும் சொல்லாமல் ஓடி, டக் என்று விழுந்தது.